மூலிகை எரிபொருளும் செப்புக் கோளங்களும்

வேம்பார்க் கரையில் பாய்மர வள்ளங்கள் அருகி, இயந்திரப் படகுகள் பெருகிய காலம் தொட்டு, மீனவரின் வருவாயில் பெரும்பங்கை எண்ணெய்ச் செலவே விழுங்கி வருகிறது. கச்சான் காற்றுக்கு எவரும் காசு கேட்டதில்லை; டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே, இராசபாளையத்தை அடுத்த இடையன்குளத்து இராமர் பிள்ளை என்னும் இளைஞர் மூலிகையை நீரிலிட்டுக் கொதிக்கவைத்துப் பெட்ரோல் எடுக்கிறார் என்ற செய்தி 1996இல் பரவியபோது, தென்மாவட்ட மக்கள் அகமகிழ்ந்ததில் வியப்பில்லை. பட்டம் பெற்றோருக்கு எட்டாதது பாமரர் ஒருவருக்கு எட்டியது என்ற பெருமையும் அதில் கலந்திருந்தது. அந்தப் பெருமையை நாம் எள்ளி நகையாடமாட்டோம்.

அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்த சோதனையில் குட்டு வெளிப்பட்டது. கலக்கும் கோல் உள்ளே பொள்ளலானது என்றும், அதில் அடைத்திருந்த எரிபொருள், நுனியிலிருந்த மெழுகு வெந்நீரில் உருகியதும் வெளியேறியது என்றும் செய்திகள் வந்தன.

கோலைப் பிளந்து பார்க்காமலே ஐயுற வழியிருந்தது. உலர்ந்த விறகு ஒரு கிலோவில் அடங்கிய வெப்பம், ஒரு கிலோ பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. நீருக்கோ எரியும் ஆற்றலே இல்லை. துளியும் வீணாகாமல் மாற்றினாலும், ஒரு கிலோ பெட்ரோலுக்கு மூன்று கிலோ உலர்தழையாவது வேண்டும். கைப்பிடி இலை எம்மட்டு? நம் வீட்டுப் பெண்கள் அடுப்பில் வைத்து அறிந்த கணக்குத்தான் இது.

இனி, திருச்சபை வரலாற்றிலிருந்து வேறொரு கனவைப் பார்ப்போம். இத்தாலியின் பிரேஷா நகரத்து இயேசு சபைக் குரு பிரான்செஸ்கோ லானா, 1670இல் வெளியிட்ட நூலில் வானில் செல்லும் கப்பலொன்றை விவரித்தார். காற்று நீக்கப்பட்ட நான்கு செப்புக் கோளங்கள் அதைத் தூக்கும்; பாயும் துடுப்பும் செலுத்தும். அது பறக்கவில்லை. காற்றோடு காற்றாய் மிதக்கும் கலத்தில் பாய் புடைக்காது. வள்ளத்தில் பாய் பயன்படுவது, அடியில் நீர் ஏராவையும் சுக்கானையும் பிடித்துக்கொள்வதால்தான். நம் கடற்கரைச் சிறுவனும் இதை அறிவான். மெல்லிய செப்போ, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என அழுத்தும் வெளிக்காற்றில் நசுங்கிவிடும்.

ஆனால் லானா தம் கணக்கை ஒளிக்கவில்லை. கோளம் நசுங்குமே என்ற தடையைத் தாமே எழுப்பி, உருண்டை வடிவம் தாங்கும் என்று (தவறாகவே) விடையும் எழுதினார். அத்தகைய கப்பலிலிருந்து நகரங்கள்மீது நெருப்பை எறியலாம் என்பதால் இறைவன் அதை அனுமதியார் என்றும் அஞ்சினார். அவ்வச்சம் மெய்யானதை இருபதாம் நூற்றாண்டு கண்டது. 1783இல் பாரிசில் சார்லஸ் என்பார் வெற்றிடத்திற்கு மாறாக இலேசான ஹைட்ரஜனை நிரப்பினார். உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை ஈடுசெய்ய, கூண்டு மேலெழுந்தது. கணக்கு திறந்து கிடந்தால் பின்வருவோர் திருத்தமுடியும். இடையன்குளத்து மூலிகையின் பெயரோ கமுக்கமாகவே காக்கப்பட்டது.

சோதித்தறிவது நம்பிக்கைக்குப் பகை என்போர் நம்மிடையே உண்டு. லூர்து நகரில் 1883 முதல் மருத்துவ ஆய்வகம் இயங்குகிறது. பதிவான குணமாதல்கள் ஏழாயிரத்துக்கும் மேல். திருச்சபை புதுமை என ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டியவை. அன்னையின் திருத்தலத்திலேயே இத்துணைக் கண்டிப்பு என்றால், எரிபொருளுக்குக் கூடாதா?

1996இல் குட்டு வெளிப்பட்ட பின்னரும் அந்த எரிபொருள் விற்பனைக்கு வந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்தது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் இராமர் பிள்ளைக்கும் உடனிருந்தோர்க்கும் மூன்றாண்டுக் கடுங்காவல் விதித்தது. மூலிகை என நம்பி மக்கள் வண்டியில் ஊற்றியது, டொலுவீன், நாப்தா முதலியன கலந்த கலவை: நிலத்தடி எண்ணெயின் வழித்தோன்றல்களே அவை.