வழுக்கு மரமும் போலிங் பந்தும்

கொப்பன்ஹேகனுக்குத் தென்மேற்கே, இஷொயில் வசிக்கிறோம். சனிக்கிழமை பின்னேரங்களில் மகளைப் போலிங் பயிற்சிக்குக் கூட்டிப்போவது என் வேலை. போன மாசியில் ஒருநாள் முகம் வாடித் திரும்பி வந்தாள்.

"அப்பா, இண்டைக்குத் தடத்தில எண்ணெய் கூட. என்ரை பந்து வளையவே இல்லை. புதுசு ஒண்டு வேணும்."

அவள் காட்டிய பந்தின் விலை இரண்டாயிரம் குரோணரை நெருங்கியது. யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கக்கூடிய காசு அல்ல. எதை வாங்குவது என்று அறிய வாசிக்கப் போனேன். கிடைத்தது ஒரு வரலாறு.

போலிங் தடம் எல்லைக்கோட்டிலிருந்து முதற் கட்டை வரை 60 அடி. அதில் ஏறக்குறைய முதல் 40 அடிக்கு எண்ணெய்ப் படலம்; மிகுதி உலர்ந்தது. மரத்தடம் பந்தின் உராய்வில் தேயாமல் இருக்கவே ஆதியில் எண்ணெய் பூசினார்கள். ஒரு தடத்துக்கு 20, 30 மில்லிலீற்றர்தான். கண்ணுக்கே தெரியாது. பந்து அந்தப் படலத்தில் வழுக்கிப் போய், உலர்ந்த இடத்தில் பிடித்து வளைந்து கட்டைகளுக்குள் நுழைய வேண்டும். எண்ணெய் கூடினால் பிடி பிந்தும். பந்து நேரே போய்விடும்.

முதற் பந்துகள் மரத்தாலானவை. கரீபியன் பக்கத்து லிக்னம் விட்டே என்ற, தண்ணீரில் தாழும் கெட்டி மரம். 1905இல் 'எவர்ட்ரூ' என்ற றப்பர் பந்து வந்தது. 1914இல் பிரன்சுவிக் நிறுவனம் 'மினரலைட்' என்ற றப்பர் பந்தைக் கொண்டுவந்தது. இந்த இடத்தில் நான் வாசிப்பை நிறுத்தினேன். 1876இல் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடவில் நடப்பட்ட றப்பர்க் கன்றுகள் தோட்டங்களாகப் பெருகியிருந்த காலம் அது. உலக உற்பத்தியில் தோட்ட றப்பர் காட்டு றப்பரை முந்தியதும் அந்த ஆண்டுகளில்தான். இலங்கையிலும் மலாயாவிலும் விடியற்காலையில் அந்த மரங்களில் பால் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட எம்மவர்கள். போலிங்கின் கதையைப் பலர் தொழிற்சாலையில் தொடங்குவார்கள். நாங்கள் அதை ஒரு மரத்தடியில் இருந்தும் தொடங்கலாம்.

றப்பருக்குப் பின் பொலியெஸ்டர். வழவழப்பான, நிறம் நிறமான பந்துகள். எண்ணெய்த் தடத்தில் அவை வளையாமல் ஓடின. 1973இல் டொன் மக்கியூன் என்ற அமெரிக்கத் தொழில்முறை வீரர் தன் பந்தைக் கரைப்பான் திரவத்தில் ஊறவைத்து மேற்பரப்பை மென்மையாக்கினார். மென்மையான பந்து எண்ணெயிலும் பிடித்தது. அந்த ஆண்டில் ஆறு பட்டங்களை வென்று, ஆண்டின் சிறந்த வீரரும் ஆனார். மற்றவர்களும் ஊறவைக்கத் தொடங்கினார்கள். எளிதில் தீப்பற்றும் திரவம் அது. வென்றது கையா, வாளியா என்ற கேள்வி எழுந்தது. பந்தின் கடினம் இன்ன அளவுக்குக் குறையக் கூடாது என்று பிறகு விதி எழுதினார்கள்.

வாளியில் தேடிய பிடியைத் தொழிற்சாலைகள் பந்துக்குள்ளேயே வைத்தன. 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன், 1990களின் தொடக்கத்தில் றியாக்டிவ் றெசின். றெசின் பந்தின் தோலில் நுண்துளைகள் உண்டு. அது எண்ணெயை உறிஞ்சும். பந்துக்கு ஈடுகொடுக்கத் தடத்தில் எண்ணெயைக் கூட்டினார்கள். எண்ணெய்க்கு ஈடுகொடுக்க இன்னும் வலிய பந்து. இந்தத் துரத்தல் இன்னும் முடியவில்லை.

ஆகவே எண்ணெய் கூடிய தடத்துக்கு எது நல்லது? மினுக்கம் கலந்த 'பேர்ள்' வகையைவிட 'சொலிட்' வகை றெசின் தோல். முன்னதாகவே உருளத் தொடங்கச் செய்யும் வலிய உட்கரு. எல்லாவற்றுக்கும் மேலாக, பளபளப்பில்லாமல் தேய்த்த மேற்பரப்பு. அரத்தாளில் 500, 1000, 2000 என்று இலக்கங்கள் உண்டு. இலக்கம் குறையக் குறையச் சொரசொரப்புக் கூடும், பிடியும் கூடும்.

இதை வாசித்தபோது ஊரில் சித்திரைப் புத்தாண்டுக்கு நட்ட வழுக்கு மரம் நினைவுக்கு வந்தது. விவரம் தெரிந்தவர்கள் ஏறுமுன் உள்ளங்கையில் மணலைத் தேய்த்துக்கொள்வார்கள். இன்னும் விவரமானவர்கள் முதலில் ஏறமாட்டார்கள். முதலில் ஏறியவன் கிரீஸைத் தன் உடம்பில் துடைத்துக்கொண்டு சறுக்கி வருவான். நாலாவது ஆள் இன்னும் மேலே போவான். மரம் அதேதான், வழுக்கல் வேறு. போலிங் தடமும் அப்படித்தான். ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எண்ணெயை எடுத்துப் போகும், கொஞ்சத்தைத் தள்ளி வைக்கும். ஒரு மணி நேரத்தில் தடம் வேறாகிவிடும். காலையில் சரியான பந்து மத்தியானம் பிழையாகலாம்.

"பிள்ளை, உன்ரை பந்து எத்தனை வருசம்?" என்று கேட்டேன்.

"மூண்டு."

மூன்று வருடம் எண்ணெய் குடித்த பந்து. இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தோம். தோலில் எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து வந்தது. துடைத்து, காயவிட்டு, 1000 இலக்க அரத்தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்தோம். செலவு ஒரு தாள். ஆட்டம் தொடங்கிய பிறகு இப்படித் தேய்க்க விதி இடம் தராது, முன்னாடியே செய்ய வேண்டும் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை பந்து வளைந்தது. ஆனால் மிக நீளமாக எண்ணெய் பூசிய தடத்துக்கு அது போதவில்லை. புதுப் பந்து ஒருநாள் வாங்கத்தான் வேண்டும். அதற்குக் காசு சேர்க்கிறோம். அன்று இரண்டாம் ஆட்டத்தில் பந்து கூடுதலாக வளையத் தொடங்கியது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பலகை இடப்பக்கம் தள்ளி நின்று உருட்டினாள்.