வன்னிக்கு வந்த வலையமைப்புக் கல்வி

இலங்கையின் முதல் தந்திக் கம்பி கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இயங்கத் தொடங்கியது. மேனாட்டுத் தபாற் கப்பல்கள் காலித் துறைமுகத்திலே வந்து தங்கிய காலம் அது. வணிகர்க்கும் ஆட்சியாளர்க்கும் விரைவிற் செய்தி வேண்டியிருந்தமையால் கம்பி முதலில் அத்திசை சென்றது வியப்பன்று. 1905ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து புறப்பட்ட புகைவண்டி வவுனியாவையும் ஆனையிறவையும் கடந்து யாழ்ப்பாணத்தை அடைந்தபோது, வன்னிக் காட்டின் நடுவே தண்டவாளமும் அதனோடு தந்தியும் நிலைபெற்றன. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமற் காப்பது, ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையத்துக்குச் செல்லும் செய்தியே. மோர்சுக் குறியின் ஓசையைக் காதாற் கேட்டவுடன் எழுத்தாக்கத் தெரிந்தவரே அத்தொழிலுக்கு உரியவராயினர். கம்பி இருப்பது மட்டும் போதாது, கம்பியின் மொழி அறிந்தவன் என்று சோதித்து ஒப்புக்கொள்ளப்பட்ட ஒருவனும் வேண்டும் என்னும் வழக்கம் இவ்வாறு பழையதேயாகும்.

கணினிகளைக் கணினிகளோடு இணைக்கும் கலைக்கு அந்த வழக்கம் மீண்டும் வந்து சேர்ந்தது 1980களின் பிற்பகுதியில். அமெரிக்காவில் நொவெல் என்னும் நிறுவனம் தன் வலையமைப்பு மென்பொருளைக் கையாளத் தெரிந்தவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்கியது. ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இருவர் 1984இல் தொடங்கிய சிஸ்கோ நிறுவனம், 1993இல் மிகக் கடினமான நிபுணர் தேர்வொன்றையும், 1998இல் தொடக்கநிலையாளர்க்குரிய சீ.சீ.என்.ஏ. தேர்வையும் ஏற்படுத்தியது. கருவியை வாங்கியவனுக்கு அதை இயக்க ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த கருவியை அவன் வாங்கமாட்டான் என்பதை அந்நிறுவனங்கள் நன்கு உணர்ந்திருந்தன. ஆகவே இச்சான்றிதழ் பல்கலைக்கழகம் தரும் பட்டம் போன்றதன்று. வணிகர் தரும் முத்திரை. மருந்துப் போத்தலுக்கு உள்ளதுபோல இதற்கும் காலாவதித் தேதி உண்டு. மூன்றாண்டு கழிந்தால் மீண்டும் தேர்வெழுத வேண்டும், அல்லது தொடர்கல்வியாலே புதுப்பிக்க வேண்டும்.

இலங்கையில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் என்னும் வலையமைப்பு 1990ஐ ஒட்டி மின்னஞ்சலுடன் உருப்பெற்றது. 1995ஆம் ஆண்டில் பொதுமக்களும் பணங்கொடுத்துப் பெறும் இணையச் சேவை கொழும்பில் ஆரம்பமாயிற்று. அதே 1995இன் இறுதியில் நிகழ்ந்ததையும் இவ்விடத்தில் நினைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தைவிட்டுப் பெயர்ந்த இலட்சக்கணக்கான மக்களில் பெருந்தொகையினர் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து வன்னி மண்ணில் இறங்கினர். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒருபுறம் உலக வலைக்குள் நுழைவாயில் திறந்தது. மறுபுறம் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத காட்டோரங்களில் கொட்டில்கள் எழுந்தன. யாழ்தேவி 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலேயே வடக்குக்கு வருவதை நிறுத்திவிட்டது. எரிபொருளும் மின்கலங்களும் வன்னிக்குட் செல்லத் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும், சிக்கன விளக்கின் சிறு சுடரிற் பாடம் படித்த பிள்ளைகளும் அக்காலத்தவர். ஆயினும் க.பொ.த. பரீட்சைகள் நின்றுபோகவில்லை. வினாத்தாள்கள் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தன, விடைத்தாள்கள் அவ்வழியே திரும்பிச் சென்றன. செய்முறைக் கருவி இல்லாத இடத்திலும் பரீட்சையை விடாது பற்றிக்கொண்ட அந்தப் பழக்கமே, பின்னாளில் வலையமைப்புக் கல்வி வந்தபோது வன்னிப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்த முதல் எனலாம்.

2002இன் போர்நிறுத்தத்தால் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகத்தில் மீண்டும் மூடுண்டது. 2009இன் பேரிடருக்குப்பின் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் செட்டிகுளத்துப் பக்கத்து மெனிக் பாம் முதலான முகாம்களில் இருந்தனர். வீடு வாசலோடு பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைச் சான்றிதழையும் பலர் தொலைத்திருந்தனர். தான் யார், எதுவரை படித்தவன் என்பதற்கே தாள் இல்லாத ஒருவனுக்கு, எங்கிருந்தும் எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கக்கூடிய சான்றிதழ் ஒன்று எவ்வளவு பெறுமதியானது என்பதை விளக்க வேண்டியதில்லை. தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழுபடி முறையும் இந்த வகையில் நன்மை செய்தது. பள்ளியிற் படிக்காது வேலைத்தலத்திற் கற்றவரையும் செய்துகாட்டச் சொல்லி மதிப்பிட்டுச் சான்று வழங்க அதில் இடமுண்டு.

புகைவண்டி 2013ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கும், மறு ஆண்டு ஒக்தோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது. அதே ஆண்டுகளில் கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உருவாகியது. கணினிப் பொறியியல் அங்கு ஒரு துறை. 2016இல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் அதன் அயலிலே திறக்கப்பட்டு, மோட்டார், மின், கட்டடத் தொழில்களோடு தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தையும் கற்பிக்கலாயிற்று. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய வவுனியா நிறுவனம், 1997இல் வளாகமாகி, 2021ஆம் ஆண்டு ஓகத்து முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

இனி, இத்தொழிலில் மாணவன் கற்பது யாது? ரவுட்டர், சுவிட்ச் என்னும் பெட்டிகளை இணைப்பதும், பழுது கண்டுபிடிப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாக முகவரிகளைப் பங்கிடுவதும் ஆகும். இரணைமடுக் குளத்தின் நீரை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். குளத்து நீர் துருசு வழியே பெருவாய்க்காலில் இறங்கி, கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து, ஒவ்வொரு வயலுக்கும் உரிய பங்காகச் சென்றடைகிறது. எந்த மடையை எவ்வளவு திறப்பது என்று அறியாதவன் கையிற் குளம் நிறைந்திருந்தும் பயனில்லை. வலையமைப்பிலும் 256 முகவரி கொண்ட தொகுதியொன்றை நான்காகப் பிரித்தால் பங்குக்கு 64 வரும். அவற்றுள் முதலும் கடைசியும் வேறு பணிக்கு ஒதுக்கப்படுதலால் கணினிகளுக்கு எஞ்சுவன 62. தேர்வு மண்டபத்திற் கணிப்பான் இல்லை. இந்தக் கணக்கை ஒன்றும் பூச்சியமுமாக எழுதி மனத்தாலேயே போடவேண்டும். கணிதத்தைச் சலியாது பயின்ற பிள்ளைக்கு இங்கே தாழ்வு இல்லை.

கருவிகளின் விலைதான் முன்னர் பெருந்தடையாக இருந்தது. பக்கெற் திரேசர் என்னும் மென்பொருள் அதை ஓரளவு நீக்கிற்று. ஒரேயொரு மடிக்கணினியின் திரையிற் பத்து ரவுட்டர்களை நிறுத்தி, கம்பி பூட்டி, கட்டளையிட்டுப் பழகலாம். உண்மைப் பெட்டியின் சூடும் இரைச்சலும், கம்பி நுனியைப் பிடித்து நசுக்கிப் பொருத்தும் கைப்பழக்கமும் அதில் வாரா என்பது வேறு. அதற்குப் பயிற்சிக்கூடமே வேண்டும்.

எஞ்சிய தடைகள் இரண்டு. ஒன்று மொழி. உயர்தரம்வரை தமிழிற் கற்றவர் இத்தேர்வைத் தமிழில் எழுத வழியில்லை. 120 நிமிடத்துள் ஆங்கில வினாவை வாசித்து விளங்கி முடிக்க வேண்டும். விடை தெரிந்திருந்தும் வினா விளங்காமையால் தோற்பது, தெரியாமையால் தோற்பதைவிட மனத்தை வருத்தும். மற்றையது பணம். தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டொலர். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மாற்றுவிலை அவ்வாண்டு மே மாதத்தில் 360ஐ அணுகியது. 60,000 ரூபாவுக்கு எழுதக்கூடியதாயிருந்த தேர்வு, பாடத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே, சில மாதங்களில் ஓர் இலட்சத்தைத் தாண்டிற்று. நெல் விற்ற காசில் மகனையோ மகளையோ படிப்பித்த குடும்பத்துக்கு அது ஒரு போகத்தின் கணக்கு. ஒருமுறை தவறினால் ஐந்து நாள் பொறுத்திருந்து, கட்டணத்தை மறுபடியும் முழுதாகக் கட்டியே மீண்டும் அமரலாம்.