சந்தியில் கேட்டால் சொல்லுவினம்

ஒன்ராறியோவின் நாட்டுப்புறத்தில் ஒரு பண்ணை வீட்டுக்கு வழி கேட்டால் பதில் ஒரு மூச்சில் முடிந்துவிடும்: ஓர் எண், ஒரு வீதிப் பெயர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் கேட்டுப் பாருங்கள். "சந்தியிலை இறங்கி நேரை வாங்கோ. ஒரு வைரவர் கோயில் வரும். அதைத் தாண்டினா முதல் முடக்கிலை ஒரு குச்சொழுங்கை. அதுக்குள்ளை வந்து ஆரையும் கேளுங்கோ, சொல்லுவினம்." இந்தக் கடைசி வசனத்தில்தான் விலாசத்தின் பாதி இருக்கிறது. வழியில் நிற்கும் யாரோ ஒருவர்தான் அதை நிறைவுசெய்ய வேண்டும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. பண்டத்தரிப்பு, பனிப்புலம், காலையடி, சாந்தை என்று இந்தச் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றில் அக்கா ஊரிலும் தம்பி ரொறொன்ரோப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஒரே குடும்பம் இரண்டு விலாச முறைகளில் வாழ்கிறது. இரண்டில் எது குறையுடையது என்று தம்பியைக் கேட்டால் ஊரைச் சொல்லுவார். அது அவ்வளவு எளிதாக முடியும் விஷயமல்ல.

பண்டத்தரிப்பு பழைய ஊர். ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் வலிகாமத்துத் தேவாலயக் கோயிற்பற்றுகளில் ஒன்றாக இதுவும் வருகிறது. இத்தகைய ஊரில் முதலில் நடை வந்தது. நடையிலிருந்து ஒழுங்கை வந்தது. பெயர் கடைசியில் வந்தது. கோயில், குளம், ஆலமரம், புளியமரம், மடம், சந்தை எதுவாக இருந்தாலும் அதனோடு ஓர் 'அடி' சேர்த்தால் இடப்பெயர் ஆயிற்று. பெரிய றோட்டுகளுக்கோ அவை போய்ச் சேரும் ஊரின் பெயர். அரச ஆவணத்தில் வல்லை–தெல்லிப்பழை–அராலி வீதி என்று நீளமாக இருப்பதை அந்த முழுப்பெயரில் யாரும் அழைப்பதில்லை. நிற்கும் இடத்தைப் பொறுத்து அது தெல்லிப்பழை றோட்டு, இல்லாவிட்டால் அராலி றோட்டு. ஒரே வீதிக்கு இரண்டு பெயர். ஊரவர் ஒருவருக்கும் இதனால் இடைஞ்சல் இல்லை.

ரொறொன்ரோப் பக்கத்து மார்க்கம் நகரில் ஓடித் திரியும் எங்கள் ஆட்களுக்கு நைன்த் லைன் என்ற வீதி தெரியும். அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று பலர் யோசித்திருக்க மாட்டார்கள். 1790களில் பிரித்தானிய ஆட்சியின் நில அளவையாளர்கள் யங் வீதியை முதற் கோடாக வைத்து, ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு கோடாகக் காட்டின் குறுக்கே நேராக இழுத்துக்கொண்டே போனார்கள். யங் ஒன்று, பேவியூ இரண்டு, லெஸ்லி மூன்று என்று எண்ணிக்கொண்டு போனால் மார்க்கம் றோட் எட்டாவது, அதற்கு அடுத்தது ஒன்பதாவது. மற்றக் கோடுகள் பலவற்றில் பிற்காலத்தில் கென்னடி, மக்கோவன் என்று குடியேறிய குடும்பங்களின் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. இது எண்ணாகவே நின்றுவிட்டது. அங்கே கோடு முதலில், ஆள் பிறகு. அந்த மண்ணில் அதற்கு முன்பே நடந்து திரிந்த ஆதிக்குடிகளின் பாதைகளைக் கோடு கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஒழுங்கைகள் கோணலாக இருப்பது, அவற்றை யாரும் மேலேயிருந்து கோடு போட்டு அழிக்கவில்லை என்பதற்கும் சாட்சி.

ஆனால் கோடு நேராக இருந்ததால் வீடு கண்டுபிடிப்பது அங்கே எப்போதும் எளிதாக இருந்தது என்று நினைக்கக் கூடாது. கனடாவில் நாட்டுப்புறத் தபால் விநியோகம் 1908இல் ஹமில்ரனுக்கும் அங்கஸ்ரருக்கும் இடையில் தொடங்கியது. அதற்குப் பின் நெடுங்காலம் பண்ணைக்காரரின் விலாசம் 'ஆர்.ஆர். 3' என்ற மாதிரித்தான் இருந்தது. அது தபாற்காரர் போகும் சுற்றின் இலக்கம். வீட்டின் இலக்கம் அல்ல. தபாற்காரருக்கு வீடு தெரியும், அது போதும் என்று இருந்தார்கள். வெளியாள் வந்தால் அங்கேயும் "சிவப்புக் களஞ்சியத்தைத் தாண்டி இடப்பக்கம்" என்றுதான் வழி சொன்னார்கள். ஆக, கேட்டு அறியும் விலாசம் எங்களுக்கே உரிய பழக்கம் இல்லை.

அதை மாற்றியது அவசர அழைப்பு. கனடாவில் 911 சேவை 1970களில் வரத் தொடங்கியது. அது நாட்டுப்புறத்துக்குப் பரவியபோதுதான் சிக்கல் வெளித்தெரிந்தது: அழைப்பை எடுப்பவர் எங்கோ இருக்கிறார், அவருக்குச் சிவப்புக் களஞ்சியம் தெரியாது. எனவே ஒவ்வொரு வீட்டு நுழைவாயிலிலும் ஒளி தெறிக்கும் சிறு பலகை நடப்பட்டது. பல இடங்களில் பச்சை, சில இடங்களில் நீலம். இரவிலும் இரு திசையிலிருந்தும் வாசிக்கலாம். 1998இல் சதம்–கென்ற், 2001இல் கவார்த்தா லேக்ஸ் என்று பல சிறிய சபைகள் ஒன்றாக்கப்பட்டபோது ஒரே பெயரில் பல வீதிகள் ஓர் ஆட்சிக்குள் வந்து சேர்ந்தன. அத்தகைய இரட்டைப் பெயர்களைக் களைவதும், ஒலியால் மயங்கக்கூடிய பெயர்களைத் தவிர்ப்பதும் சபைகளின் வேலையாயிற்று. பழைய பெயரை விட மனமில்லாமல் சண்டை பிடித்தவர்கள் அங்கேயும் உண்டு. இது ஒன்றும் பழைய கதையல்ல: அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலம் தன் மலைக் கிராமங்களுக்கு விலாசம் கொடுக்கும் வேலையை 2001இல்தான் பெரிய அளவில் கையில் எடுத்தது.

இந்த எண்களின் கணக்கு அழகானது. நாட்டுக்கு நாடு அளவு மாறினாலும் அடிப்படை ஒன்று: எண் என்பது தூரம். நியூசிலாந்து முறையை எடுத்தால், வீதி தொடங்கும் இடத்திலிருந்து நுழைவாயில்வரை மீற்றரில் அளந்து பத்தால் வகுக்கிறார்கள். 2,340 மீற்றரில் இருக்கும் வீடு 234. ஒற்றை எண்கள் இடப்பக்கம், இரட்டை வலப்பக்கம். சாரதி வண்டியின் தூரமானியைப் பார்த்தே வந்துவிடலாம். நடுவில் புதிதாக ஒரு வீடு எழும்பினாலும் அதற்குரிய எண் ஏற்கெனவே காத்திருக்கும்.

எங்கள் இலக்கம் பிறந்த இடம் வேறு. அது ஆதன வரியிலிருந்து வந்தது. உள்ளூராட்சி சபை வரி விதிக்கும் கட்டடங்களுக்கு வரிசையாக இலக்கம் போட்டது. வரி விதிக்காத உட்புறத்துக்கு இலக்கமே தேவைப்படவில்லை. வரிசை எண்ணின் கெடுதி, காணி பிரிபடும்போது தெரியும். 45ஆம் இலக்க வளவை மூன்று பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்தால் 45/1, 45/2, 45/3. அடுத்த தலைமுறை அதிலும் ஒன்றைப் பிரித்தால் இன்னொரு சரிவுக்கோடு. தேசவழமையின்படி மகளிருக்குக் காணி எழுதிய ஒரு சமூகத்தில், வீட்டு இலக்கம் குடும்ப மரத்தைப் போலக் கிளைவிட்டிருக்கிறது. குடும்பத்தை அறிந்தவருக்கு அது விளங்கும். அம்புலன்ஸ் சாரதிக்கு 45/2 முன்னுக்கா பின்னுக்கா என்பதே விளங்காது.

இதைவிட நுட்பமான ஒரு விலாசம் எங்களிடம் இருக்கிறது. அது காணி உறுதிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவான தோம்பில் ஏறிய பெயர்கள் அவற்றுள் பல. பிறகு விஸ்தீரணம் பரப்பில், அதன்பின் நான்கு எல்லைகள்: கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரின் காணி, மேற்கே இன்னாரின் காணி, தெற்கே இன்னாரின் காணி. அயலவர்களைச் சொல்லி வீட்டைச் சொல்லும் முறை இது. நீதிமன்றத்தில் நிற்கும் அளவுக்கு உறுதியானது. ஒன்ராறியோவின் எந்தப் பச்சைப் பலகையும் இவ்வளவு சொல்லாது. ஒரே ஒரு குறை: அயலவர் அங்கே இருக்கவேண்டும்.

1995க்குப் பிறகு அந்த நிபந்தனைதான் உடைந்தது. அந்த ஆண்டு போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் உண்டு, வராதவர்கள் அதிகம். இன்று ஒரு குச்சொழுங்கைக்குள் போனால் பூட்டிய கேற்றுகள், உறுதியில் 'வடக்கே இன்னார்' என்று எழுதப்பட்ட இன்னார் ஸ்காபரோவில். புதிதாகக் குடிவந்தவருக்குப் பழைய பெயர்கள் தெரியாது. சந்தியில் கேட்டால் சொல்லுவினம் என்பது சந்தியில் ஆள் நின்ற காலத்து ஏற்பாடு. இரவு இரண்டு மணிக்கு அங்கே நாய்தான் நிற்கும்.

மருத்துவத்தின் வரலாற்றில் பண்டத்தரிப்புக்கு ஒரு தனி இடம் உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் இங்கே வந்து வைத்தியம் தொடங்கினார். ஆசியாவுக்கு வந்த முதல் அமெரிக்க மருத்துவ மிஷனரி அவர். அன்றைக்கு நோயாளி வைத்தியரைத் தேடிப் போனார். வைத்தியரின் இடம் ஊருக்குத் தெரிந்தால் போதும். இருநூறு ஆண்டுகளில் திசை மாறிவிட்டது. இப்போது வாகனம் நோயாளியைத் தேடி வருகிறது. இந்தியாவின் நன்கொடையில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய '1990 சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலை 21இல் யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வோடு வடக்குக்கும் வந்தது. காசு வாங்காத, நல்ல சேவை. ஆனால் அதன் அழைப்பு மையம் கொழும்பை அடுத்து இருக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் "காலையடி, அம்மன் கோவிலடி" என்று சொன்னால், கேட்பவர் இந்தப் பக்கமே வந்திராதவர். அம்மன் கோவில் வீதி இல்லாத ஊர் வலிகாமத்தில் எங்கே இருக்கிறது? பிள்ளையார் கோவில் வீதி அதைவிட அதிகம்.

கைபேசியில் இடத்தைக் குறித்து அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம், 1990இன் செயலியும் அதைச் செய்கிறது. ஆனால் ஊரில் தனித்திருப்பது பெரும்பாலும் எழுபது வயது அம்மா. அவர் கையில் இருப்பது பொத்தான் போன். சமிக்ஞை கிடைத்தாலும் வரைபடத்தில் பெயரில்லாத ஒழுங்கை வெறும் சாம்பல் கோடு. எந்தப் பக்கத்துக் கேற் என்று அது சொல்லாது.

சரி, அந்த நியூசிலாந்து முறையை அப்படியே கொண்டுவந்து நட்டுவிடலாமா? முடியாது, ஏன் என்று கணக்கோடு பார்க்கலாம். பத்து மீற்றருக்கு ஓர் எண் என்றால், ஒற்றையும் இரட்டையும் இரு பக்கமாகப் பிரிவதால், ஒரே பக்கத்தில் இருபது மீற்றருக்கு ஓர் எண்தான் கிடைக்கும். பண்ணைக்கு அது தாராளம். எங்கள் ஒரு பரப்பு பத்துப் பேர்ச்சஸ், அதாவது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஒரு பரப்புத் துண்டின் முகப்பு பன்னிரண்டு மீற்றர் என்று வைத்தால், இரண்டு வீடுகள் ஒரே எண்ணில் வந்து முட்டும். ஐந்து மீற்றருக்கு ஓர் எண் என்று மாற்றினால் பொருந்துகிறது. சந்தியிலிருந்து உள்ளே போகப் போக எண் ஏறும்; 300 மீற்றர் ஒழுங்கைக்கு 60வரை. முடக்கு இருந்தாலும் பிழையில்லை, தூரம் வளைவோடு சேர்ந்தே அளக்கப்படும்.

பெயர் விஷயத்தில் நான் ஒன்ராறியோவின் பக்கம் இல்லை. இரட்டைப் பெயர் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையாரை ஒழுங்கையிலிருந்து எழுப்பத் தேவையில்லை. பெயரோடு குறிச்சியையும் சேர்த்து எழுதினால் மயக்கம் தீர்ந்துவிடும்: பிள்ளையார் கோவில் ஒழுங்கை, வடலியடைப்பு. திருத்த வேண்டியது பெயரே இல்லாத குச்சொழுங்கைகளை. அவற்றுக்கும் புதுப்பெயர் தேட வேண்டாம். உறுதிகளில் உறங்கும் காணிப் பெயர்கள் போதிய அளவு இருக்கின்றன. றோட்டுப் போடக் காசு தந்தவரின் தகப்பன் பெயரை வைப்பது இப்போது ஒரு வழக்கமாகி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காணியின் பெயர் அந்தத் தகப்பனைவிடப் பழையது. அதற்கு உறவினர் சண்டையும் இல்லை.

யார் செய்வது? பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், அடுத்த நிலை வீதிகள் மாகாணத் திணைக்களத்திடமும் இருக்கின்றன. மிச்சமுள்ள சிறு ஒழுங்கைகள் வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் பொறுப்பு. சிக்கல் முழுவதும் அந்த மிச்சத்தில்தான். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் இரண்டு ஆண்டுக்கு மேல் தெரிவான உறுப்பினர் இல்லாமல் ஓடியது. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு தீர்மானம் எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். கிராம உத்தியோகத்தர்களுக்கு வீடுகள் தெரியும். ஓர் அளவுநாடாவும் வெயிலில் நடக்கக்கூடிய சில இளைஞர்களும் போதும். பலகைக்குக் காசு வேண்டுமானால், கோயில் மதிலுக்கு அனுப்பும் ஊர்ச்சங்கங்கள் ஒரு வருடம் இதற்கு அனுப்பட்டும். மார்க்கத்தில் ஒரு வீதிக்கு வன்னி என்று பெயர் வாங்க முடிந்த சமூகத்துக்கு, அம்மாவின் கேற்றில் ஓர் எண் போடுவது பெரிய காரியமில்லை. பெயர்களையும் எண்களையும் எழுதி முடித்ததும் அந்தப் பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் 1990இன் அழைப்பு மையத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அது போகாவிட்டால் பலகைகள் வெறும் அலங்காரம்.