மால்மோவிலிருந்து வந்த எதிரொலி

இதயத்தைப் பார்க்கும் முறைகளை ஒப்பிடும்போது எந்தப் படம் அதிகத் தெளிவு என்றுதான் முதலில் கேட்கிறோம். வரலாறு வேறு வழியில் போயிருக்கிறது. 1950களின் தொடக்கத்தில், மூட்டுக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு அறுவை சிகிச்சை பரவி வந்தது. சுருக்கம் மட்டும் என்றால் விரித்துவிடலாம். கசிவும் பெரிதாக இருந்தால் விரிப்பதே கேடு. இதை எக்ஸ்ரே பிரித்துச் சொல்லவில்லை, அது இதயத்தின் நிழலையே காட்டியது. 1929இல் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கைச் சிரை வழியே இதயம்வரை செலுத்திக்கொண்ட கதீட்டர் என்ற மெல்லிய குழாய், பிறகு அழுத்தத்தை அளக்க உதவியது. வால்வு இதழ்களின் அசைவை அது காட்டவில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் மால்மோ கப்பல் கட்டும் தளத்தை நாடினார்கள். இரும்பில் விரிசல் தேடும் மீயொலிக் கருவி அங்கே இருந்தது. 1953 அக்டோபர் 29 அன்று அத்தகைய கருவியைக் கொண்டு இதயத்தின் முதல் எதிரொலிப் பதிவை, இன்று எக்கோ என்று சொல்வதை, எடுத்தார்கள்.

அது படமே அல்ல, வெறும் கோடு. அதையும் எட்லர் முதலில் தவறாகப் படித்தார் என்று மறுக்கலாம். உண்மைதான். இடது மேலறையின் சுவர் என்று அவர் நினைத்தது மைட்ரல் வால்வின் முன்னிதழ். இறந்தவர் உடலில் ஒலி சென்ற திசையிலேயே கூர்முனையைச் செலுத்திப் பார்த்து அவர் திருத்திக்கொண்ட பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன். நல்ல வால்வில் சட்டென இறங்கிய கோடு, சுருங்கிய வால்வில் மெல்லச் சரிந்தது. அறுவை மருத்துவருக்கு வேண்டிய செய்தி அந்தச் சரிவில் இருந்தது.

எக்கோ எல்லாவற்றுக்கும் போதும் என்று இதற்குப் பொருளல்ல. இதயத் தமனியின் அடைப்பை அது நேராகக் காட்டாது. 1958இல் கிளீவ்லாந்தில் மருத்துவர் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளியைக் கதீட்டரால் பரிசோதித்தபோது, எக்ஸ்ரேயில் தெரியும் சாயம் தவறுதலாக வலது இதயத் தமனிக்குள்ளேயே பாய்ந்தது. இதயம் சில நொடிகள் நின்று, நோயாளி இருமியதும் மீண்டது. உயிரைப் பறிக்கும் என்று அஞ்சிய செயலிலிருந்துதான் இன்றைய ஆஞ்சியோகிராம் வந்தது. சி.டி. அந்த வேலையில் ஒரு பகுதியை இப்போது எடுத்துக்கொண்டது மெய்யே. ஆனால் ஓயாமல் துடிக்கும் உறுப்பைப் பிடிக்கும் வேகம் வரும்வரை, 1971இல் தலையைப் படமெடுத்த அந்தக் கருவி இதயத்துக்குப் பல ஆண்டுகள் உதவவில்லை. கண்ட அடைப்பை அங்கேயே விரிக்க இன்னும் கதீட்டர்தான் வேண்டும். தசையின் தழும்பைக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ. முந்தும்.

ஜப்பானின் கஞ்சி இனோவே 1984இல் வெளியிட்ட முறையில், கதீட்டர் முனையின் பலூனே மைட்ரல் வால்வை விரித்துவிடுகிறது, மார்பைத் திறக்க வேண்டியதில்லை. அதற்கு முன் மருத்துவர் எக்கோவில் பார்ப்பவற்றுள் ஒன்று, எட்லரை மால்மோவரை விரட்டிய அதே கேள்வி: கசிவு எவ்வளவு?