பரிவிலிருந்து வரவுசெலவுக்கு: மாற்றுத்திறனாளி விளையாட்டும் தில்லி அரங்கமும்

1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தில்லியில் ஜவாஹர்லால் நேரு அரங்கம் கட்டப்பட்டது. அதே ஆண்டில் ஆசிய, பசிபிக் நாடுகளின் மாற்றுத்திறனாளி வீரர்கள் ‘ஃபெஸ்பிக்’ என்ற தனிப் போட்டிக்காக ஹாங்காங்கில் கூடினார்கள். ஊரும் வேறு, நடத்தியவர்களும் வேறு. 2010 காமன்வெல்த் போட்டியின்போது பாரா வீரர்களும் மற்றவர்களும் தில்லியில் ஒரே விழாவில் பங்கேற்றார்கள். 2025 செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை உலகப் பாரா தடகளப் போட்டி, இந்தியாவில் முதன்முறையாக, அதே நேரு அரங்கில் நடந்தது. இந்த மாற்றத்துக்குச் சமூகத்தின் மனம் கனிந்ததே காரணம் என்பார் சிலர். வீரர்களின் மனவுறுதியே காரணம் என்பார் வேறு சிலர். பரிவும் உறுதியும் முன்பே இருந்தவைதாம். மாற்றுத்திறனாளி விளையாட்டு, தொண்டு என்ற கணக்கிலிருந்து அரசின் வழக்கமான விளையாட்டுச் செலவுக் கணக்குக்கு இடம்பெயர்ந்ததே இந்தியாவில் திருப்புமுனை என்பது இக்கட்டுரையின் வாதம்.

உலக வரலாற்றை வழக்கமாக ஒரு மருத்துவமனையிலிருந்து தொடங்குவார்கள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயமுற்ற போர்வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த லுட்விக் குட்மன், 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1952-ல் நெதர்லாந்து வீரர்கள் வந்து சேர, அது பன்னாட்டுப் போட்டியாயிற்று. 1960-ல் ரோமில் 23 நாடுகளின் வீரர்கள் கூடிய போட்டியே முதல் பாராலிம்பிக் எனப் பின்னர் ஏற்கப்பட்டது. ஸ்டோக் மாண்டவில்லில் பயின்று திரும்பிய ஜப்பானிய மருத்துவர் யுடாகா நாகமுரா 1975-ல் ஒய்டா மாகாணத்தில் ஃபெஸ்பிக் போட்டியைத் தொடங்கினார். ஆனால் இந்த மருத்துவ வம்சாவளி முழு உண்மையன்று. காது கேளாதோர் 1924-லேயே பாரிசில் 9 நாடுகள் பங்கேற்ற போட்டியைத் தாங்களே நடத்திவிட்டார்கள். அங்கே டாக்டர் இல்லை, சங்கம் இருந்தது. யார் நடத்துகிறார்கள், யார் செலவு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே விளையாட்டின் தன்மையும் அமைகிறது.

இந்தியாவுக்கு இது வந்தது மருத்துவமனை வழியாகத்தான், அதிலும் ராணுவ மருத்துவமனை வழியாக. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர் 1968-ல் டெல் அவிவ் பாராலிம்பிக்குக்குச் சென்றார். 1972-ல் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் 37.33 விநாடி என்ற உலக சாதனையுடன் நாட்டின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். பயணத்துக்குக் கைகொடுத்தது கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்டின் தொண்டமைப்பு. பத்மஸ்ரீ விருதுக்குப் பேட்கர் 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 46 ஆண்டு! பரிவின் எல்லை எதுவரை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பரிவின் வழி குறுகலானதும்கூட. 1984 பாராலிம்பிக்கில் நான்கு பதக்கங்கள் கிடைத்தன. பிறகு 20 ஆண்டுகள் வெறுங்கை. இந்தியப் பெண் ஒருவர் முதல் பாராலிம்பிக் பதக்கம் வென்றது 2016-ல்தான்: குண்டு எறிதலில் தீபா மாலிக் வென்ற வெள்ளி அது.

பாரா பதக்கங்களை நாட்டின் பொதுப் பதக்கக் கணக்கிலேயே சேர்க்கும் வழக்கத்தைக் காமன்வெல்த் போட்டி 2002-ல் மான்செஸ்டரில் கொண்டுவந்தது. அதனால் 2010-ல் தில்லியில் இந்தியா குவித்த 101 பதக்கங்களில், பிரசாந்த கர்மாக்கர் பாரா நீச்சலில் பெற்ற வெண்கலமும் ஒன்று. நீச்சலில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கமும் அதுவே. அன்றைய செய்திகளில் போட்டி ஏற்பாடுகளின் ஊழல் பற்றிய பேச்சுக்கு நடுவே இது பெரிதாகப் பேசப்படவில்லை. பதக்க வாய்ப்புள்ள வீரர்களுக்கு உதவ மத்திய அரசு 2014-ல் தொடங்கிய ‘டாப்ஸ்’ திட்டத்தில் பாரா வீரர்களும் சேர்க்கப்பட்டார்கள். பாராலிம்பிக் தங்கத்துக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கும் மத்திய அரசின் பரிசு இன்று ஒன்றே: 75 லட்சம் ரூபாய். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 30-ஆம் பிரிவில், விளையாட்டில் பங்கேற்க வகைசெய்வதை அரசின் கடமையாக்கியது. விளைவை எண்களில் காணலாம். 2012 லண்டன் பாராலிம்பிக்குக்கு 10 பேர் சென்று ஒரு பதக்கம். ரியோவுக்கு 19 பேர், 4 பதக்கம். டோக்கியோவுக்கு 54 பேர், 19. பாரிசுக்கு 84 பேர், 29. கூடுதலாக ஆள் அனுப்பியதால் மட்டும் கூடிய எண்ணிக்கையன்று இது. பத்துப் பேருக்கு ஒன்று என்றிருந்தது, ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒன்று என்றாகியிருக்கிறது.

பாராலிம்பிக்கில் உடற்குறை வகைப்பாட்டின்படி போட்டிப் பிரிவுகள் அதிகம், ஆகவே பதக்கம் எளிது என்று ஒரு மறுப்பு உண்டு. பாரிசில் பாராலிம்பிக்கில் 549 தங்கங்கள், ஒலிம்பிக்கில் 329 என்பது உண்மைதான். ஆனால் 1984-ல் பிரிவுகள் 900-க்கும் மேல். அன்று இந்தியாவுக்குக் கிடைத்தவை நான்கே. தவிர, பிரிவுகள் வீரரைக் கைவிடவும் செய்யும். 2004-ல் ஏதென்சில் ஈட்டி எறிதலில் தங்கம் வென்ற தேவேந்திர ஜஜாரியாவின் பிரிவு 2008-லும் 2012-லும் இடம்பெறவே இல்லை. ரியோவில் அது திரும்பியபோது மீண்டும் தங்கம் வென்றார். இரண்டாவது மறுப்பு வலுவானது. 2015-ல் இந்திய பாராலிம்பிக் கமிட்டியைச் சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி இடைநீக்கம் செய்தது. மறு ஆண்டே சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அமைப்பு சரிந்தும் வீரர் வென்றாரே, பிறகு அமைப்பு எதற்கு? ரியோவின் நான்கு பதக்கங்களைத் தனிமனிதர் கணக்கில் எழுத எனக்குத் தடையில்லை. டோக்கியோவின் 19-ஐ அப்படி எழுத முடியாது. தனிமனித உறுதி ஒரு ஜஜாரியாவைத் தரும். தொடர்ந்து மூன்றில் ஒருவர் பதக்கத்துடன் திரும்பப் பயிற்சியாளர், செயற்கைக் கால், வெளிநாட்டுப் போட்டிக்கான விமானச் சீட்டு எல்லாம் ஒழுங்காக வர வேண்டும்.

2025 தில்லிப் போட்டி முடிந்த அன்று இந்தியாவின் கணக்கில் 6 தங்கம் உட்பட 22 பதக்கங்கள் இருந்தன. ஆனால் அந்தக் கணக்கு உச்சியில் இருப்பவர்களை மட்டுமே காட்டும். நேரு அரங்குக்குக் கிடைத்த புதிய ஓடுதளம் ஒரு மாவட்டத் தலைநகர மைதானத்துச் சிறுமிக்குப் பயன்படாது. உரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு விதிக்கும் கடமை மத்திய அரசோடு நிற்பதன்று, மாநில அரசுகளுக்கும் உண்டு. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும் பாரா பயிற்சியாளரும் எத்தனை மாவட்ட அரங்குகளில் இருக்கின்றன என்ற பட்டியலை ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.