ரோபோட்டிக் போட்டியும் தொழில் தேர்வும்: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ரோபோட்டிக் போட்டிகளில் பரிசு பெறுவது இப்போது அரிய செய்தி அல்ல. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று முன்னேறி, அனைத்துலக மேடை வரை சென்று வந்த அணிகளும் உண்டு. கோப்பையோடு எடுத்த படம் பள்ளியில் மாட்டப்படுகிறது. நற்சான்றிதழ் வீட்டில் பத்திரமாக வைக்கப்படுகிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளை என்ன படிக்கும், எந்த வேலைக்குப் போகும் என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் எழுப்புவதில்லை.

போட்டிக்கும் தொழில் தேர்வுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், அத்தொடர்பு தானாக உருவாவதில்லை. எந்த வகை வேலை தனக்கு ஒத்துவரும் என்பதைப் பிள்ளை சிறு வயதிலேயே தொட்டுப் பார்க்கப் போட்டி வாய்ப்பளிக்கிறது. பெற்றோரும் ஆசிரியரும் அதைக் கவனித்து, நான்காம் படிவப் பாடத் தேர்வோடு இணைத்தால்தான் அந்த அனுபவம் ஒரு தொழிலாக வளரும்.

என்னென்ன போட்டிகள்?

உலக ரோபோட் ஒலிம்பியாட் 2004-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கியது. 2012-இல் அதன் உலக இறுதிச் சுற்று கோலாலம்பூரில் நடைபெற்றது. இரண்டு அல்லது மூன்று மாணவர்கள் ஓர் அணி; அவர்களுக்கு ஒரு பயிற்றுநர். மலேசியாவில் தேசிய ரோபோட்டிக் போட்டியின் வழி இதற்கான அணிகள் தேர்வு செய்யப்படுகின்றன.

அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமைப்பு 1989-இல் டீன் காமென் என்ற கண்டுபிடிப்பாளரால் தொடங்கப்பட்டது. அவ்வமைப்பும் லெகோ நிறுவனமும் இணைந்து நடத்தும் லெகோ லீக் போட்டியில் ரோபோட் களத்தில் ஓடுவது இரண்டரை நிமிடங்கள்தான். அந்த ஓட்டம் மொத்த மதிப்பீட்டில் ஒரு பகுதி மட்டுமே. ரோபோட்டின் வடிவமைப்பு, ஒரு சமூகச் சிக்கலுக்கு அணி கண்ட தீர்வு, குழுவாக இயங்கும் பண்பு ஆகியவற்றையும் நடுவர்கள் சம அளவில் எடைபோடுகிறார்கள்.

பல்கலைக்கழக, பொலிடெக்னிக் மாணவர்களுக்கென ஏபியு ரோபோகோன் இருக்கிறது. ஆசிய பசிபிக் ஒலிபரப்புச் சங்கம் நடத்தும் இப்போட்டி 2002-இல் தோக்கியோவில் தொடங்கி, 2006-இல் கோலாலம்பூரில் நடந்தது. ஆக, தொடக்கப்பள்ளியில் லெகோ துண்டுகளோடு தொடங்கும் ஒரு பிள்ளை, உயர்கல்வி வரை இத்துறையில் தொடர்ந்து போட்டியிட இடம் உண்டு.

ஒரே மேசையில் பல தொழில்கள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஓர் அணி ஒரே வேலையைச் செய்வதுபோல் தெரியும். அருகில் நின்று பார்த்தால் வேலைகள் பிரிந்து கிடப்பது புரியும். ஒரு பிள்ளை சக்கரம், பற்சக்கரம், கைப்பிடி என்று உடலைக் கட்டுகிறது. இன்னொரு பிள்ளை கோடிங் எனப்படும் நிரலை எழுதுகிறது. வேறொன்று சென்சார்களையும் கம்பி இணைப்புகளையும் பார்த்துக்கொள்கிறது. மற்றொன்று நடுவர் முன் நின்று அணியின் திட்டத்தை விளக்குகிறது.

இவை ஒவ்வொன்றும் வெளியுலகில் ஒரு தொழில். உடலைக் கட்டும் பிள்ளையின் வேலை இயந்திரப் பொறியியலுக்கும் இயந்திரப் பராமரிப்புக்கும் நெருக்கமானது. நிரல் எழுதுவது மென்பொருள் துறைக்கும் தொழிற்சாலை தானியக்கத்திற்கும் இட்டுச் செல்லும். சென்சார் வேலை மின்னியல், மின்னணுவியல் துறைகளின் அடிப்படை. விளக்கிப் பேசத் தெரிந்த பிள்ளைக்குத் திட்ட நிர்வாகம், தொழில்நுட்ப விற்பனை, ஆசிரியப்பணி ஆகியவை பொருந்தலாம்.

இன்னொரு வகைப் பிள்ளையும் அணியில் இருக்கும். பள்ளியில் சரியாக ஓடிய ரோபோட் போட்டி மண்டபத்தில் தடுமாறுவது வழக்கமான ஒன்று. மண்டப விளக்கின் வெளிச்சம் மாறினால் நிறத்தை உணரும் சென்சார் வேறு அளவைக் காட்டும். மின்கலத்தின் சக்தி குறைந்தால் சக்கரம் சுற்றும் வேகம் மாறும். திரும்பும் இடத்தில் சிறிது வழுக்கினாலும் அடுத்த இலக்கு தவறிவிடும். அந்த நேரத்தில் அழாமல், ஒவ்வொரு காரணமாக நீக்கிப் பார்த்து, எங்கே பிழை என்று கண்டுபிடிக்கும் பிள்ளையின் திறமை மிகப் பெரியது. தொழிற்சாலையில் தரப் பரிசோதகரும் பராமரிப்புத் தொழில்நுட்பரும் அன்றாடம் செய்யும் வேலை அதுதான்.

போட்டியில் கலந்துகொண்ட பிறகு, இது எனக்கு வேண்டாம் என்று ஒரு பிள்ளை முடிவு செய்தால் அதுவும் நன்மையே. பல்கலைக்கழகத்தில் கடன் வாங்கிப் படித்து, இரண்டாம் ஆண்டில் மனம் ஒவ்வாமல் துறை மாறுவதைவிட, பன்னிரண்டு வயதில் தெரிந்துகொள்வது செலவு குறைந்த பாடம்.

ஆய்வு சொல்வது என்ன?

அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம், ஃபர்ஸ்ட் அமைப்பின் உயர்நிலைப்பள்ளிப் போட்டியில் பங்கேற்றவர்களைப் பற்றி ஆய்வு செய்து 2005-இல் அறிக்கை வெளியிட்டது. பங்கேற்றவர்கள், அவர்களைப் போன்ற பின்னணியும் கல்வித் தகுதியும் கொண்ட மற்ற மாணவர்களோடு ஒப்பிடப்பட்டனர். உயர்கல்வியில் பொறியியலைத் தேர்ந்தெடுத்தவர்கள் போட்டியாளர்களிடையே 41 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவில் 13 விழுக்காடு.

2012-இல் அதே பல்கலைக்கழகம் தொடங்கிய நீண்டகால ஆய்வு, மாணவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. அறிவியல், தொழில்நுட்ப ஆர்வத்தில் போட்டியாளர்கள் முன்னேறியிருப்பதை அது காட்டியது. அந்த முன்னேற்றம் ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாக இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு இயந்திர வேலை எதற்கு என்று இன்னமும் கேட்கும் வீடுகள் கவனிக்க வேண்டிய முடிவு இது. அணியில் பெண் பிள்ளைக்கு விளக்க அட்டை வரையும் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு, திருப்புளியையும் மடிக்கணினியையும் பையன்களிடம் ஒப்படைத்தால் இந்தப் பலன் அவளுக்குக் கிட்டாது.

இந்த எண்களை அப்படியே மலேசியாவுக்குப் பொருத்திவிட முடியாது. ஏற்கெனவே ஆர்வமுள்ள பிள்ளைகள்தாம் இத்தகைய போட்டிகளில் சேர்கிறார்கள். எந்த ஒப்பீட்டாலும் அதை முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது. ஆய்வுகள் போட்டியை நடத்தும் அமைப்புக்காகச் செய்யப்பட்டவை என்பதும் நினைவில் இருக்கட்டும். போட்டி இல்லாத ஆர்வத்தை உருவாக்கிவிடும் என்பதைவிட, இருக்கும் ஆர்வத்திற்கு ஒரு திசையைக் காட்டும் என்று சொல்வதே பொருத்தம்.

மூன்றாம் படிவத்தில் வரும் திருப்பம்

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இலும் பிடி3 தேர்வு 2022-இலும் நிறுத்தப்பட்டன. 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிப்பும் நீங்கி, பாடத் தொகுப்பு முறை வந்தது. மாணவரும் பெற்றோரும் விருப்பப் பாடங்களைத் தேர்வு செய்யலாம் என்பது இதன் நல்ல பக்கம். எதை எடுத்தால் எந்த வாசல் மூடும் என்பது தெரியாமல் தேர்வு செய்துவிடும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது.

ரோபோட்டிக் துறையில் பட்டம் பெற விரும்பும் பிள்ளைக்கு இயற்பியலும் கூடுதல் கணிதமும் இன்றியமையாதவை. கூடுதல் கணிதம் கடினம் என்று கேள்விப்பட்டு நான்காம் படிவத்தில் அதை விட்டுவிட்டால், மெட்ரிகுலேஷன் வழியாகவோ அறக்கட்டளைப் படிப்பின் வழியாகவோ பொறியியலுக்குப் போகும் பாதை பெரும்பாலும் அங்கேயே அடைபட்டுவிடும். தேசிய நிலையில் வாங்கிய பதக்கம் அந்தப் பாடத்திற்கு ஈடாகாது.

சான்றிதழுக்கும் ஒரு மதிப்பு உண்டு. யுபியு வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாடத்திற்கு 10 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. புறப்பாடப் புள்ளியில் போட்டியின் நிலையும் பெற்ற இடமும் சேரும். எனவே சான்றிதழின் நகல் பள்ளிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று அந்தந்த ஆண்டிலேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

பட்டம் மட்டுமே வழியல்ல

கூடுதல் கணிதத்தில் தடுமாறும் பிள்ளை ரோபோட்டைக் கைவிட வேண்டும் என்பதில்லை. கையால் செய்து கற்கும் பிள்ளைக்குத் திவெட் கல்வி நேரான பாதை. மூன்றாம் படிவம் முடித்ததும் தொழிற்கல்லூரியில் சேர்ந்தால் நான்கு ஆண்டுகளில் மலேசியத் தொழிற்கல்வி டிப்ளோமா பெறலாம். எஸ்பிஎம் முடித்தவர்களுக்கு மின்னியல், மின்னணுவியல், மெக்கட்ரோனிக் டிப்ளோமாக்களோடு பொலிடெக்னிக்குகள் இருக்கின்றன. அவற்றுள் மூத்தது 1969-இல் தொடங்கிய ஈப்போ உங்கு ஓமார் பொலிடெக்னிக். 1991-இல் அமைக்கப்பட்ட ஜெர்மன் மலேசியக் கழகம் தொழிற்சாலைகளுக்கு நெருக்கமான பயிற்சியைத் தருகிறது. எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை முதல் நிலையிலிருந்து படிப்படியாகப் பெற்று, நான்காம் நிலையில் டிப்ளோமா தகுதியை எட்டலாம்.

டிப்ளோமாவோடு நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மலாக்காவின் யுதெம், பத்து பகாட்டின் யுதிஎச்எம், பெர்லிஸின் யுனிமேப், பகாங்கின் யுஎம்பிஎஸ்ஏ ஆகிய நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும் இத்தகைய மாணவர்களுக்குப் பட்டப்படிப்பின் கதவைத் திறந்து வைத்துள்ளன.

வேலை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பினாங்கு நல்ல பதில். 1972-இல் பாயான் லெப்பாஸ் தாராள வாணிப வட்டாரம் தொடங்கியபோது தொழிற்சாலைகளில் கைவேலையே அதிகம். இன்று அங்கும் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் இயந்திரக் கைகளும் தானியங்கி வரிசைகளும் இயங்குகின்றன. அவற்றை அமைக்கவும் பழுதுபார்க்கவும் ஆட்கள் தேவை. அரசாங்கமும் 2021 முதல் 2030 வரைக்குமான தேசிய ரோபோட்டிக் திட்ட வரைவை வெளியிட்டுள்ளது. தோட்டங்களிலும் மாற்றம் வந்துவிட்டது. மலேசிய செம்பனை வாரியம் உருவாக்கிய காந்தாஸ் என்ற மோட்டார் வெட்டுக்கருவி குலை வெட்டப் பயன்படுகிறது. மருந்து தெளிக்க டிரோன் பறக்கிறது. தாத்தாவும் பாட்டியும் உடல் உழைப்பைக் கொடுத்த அதே நிலத்தில், பேரப்பிள்ளை இயந்திரத்தை இயக்குபவராக வரலாம்.

இடையில் அறுபடும் நூல்

தோட்டப்புறப் பிள்ளைகளுக்குத் தடைகள் உண்டு. கருவிப் பெட்டி விலை அதிகம். போட்டி நடக்கும் ஊருக்குப் போக வண்டிச் செலவு வேறு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு ஊக்கத்தோடு பழகிய பிள்ளை, சேரும் இடைநிலைப்பள்ளியில் ரோபோட்டிக் கழகம் இல்லையென்றால் முதலாம் படிவத்திலேயே விட்டுவிடக்கூடும். பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரையிலான அந்த மூன்றாண்டு இடைவெளிக்குப் பிறகுதான் பாடத் தேர்வு வருகிறது. பழைய ஆர்வம் அதற்குள் மங்கிப் போயிருக்கும்.

இதைத் தாண்ட வழி இருக்கிறது. மைக்ரோபிட், அர்டுயினோ போன்ற சிறு பலகைகள் லெகோ பெட்டியைவிடப் பல மடங்கு விலை குறைந்தவை. ஒரு மடிக்கணினியோடு வீட்டிலோ ஊர்ப் பொது மண்டபத்திலோ சில பிள்ளைகள் சேர்ந்து பழகலாம். பாட மொழி தமிழிலிருந்து மலாய்க்கு மாறினாலும் நிரல் மாறுவதில்லை. தமிழ்ப்பள்ளியில் கற்ற கட்டளை எந்தப் பள்ளியிலும் அப்படியே வேலை செய்யும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் வழியனுப்பும் விழாவோடு நிறுத்திவிடாமல், ஆறாம் ஆண்டு முடித்த அணியினரைத் தம்பி தங்கைகளுக்குத் துணைப் பயிற்றுநராக அழைத்தால் தொடர்பு அறாது.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் எத்தனையாவது இடம் என்று கேட்பது இயல்பு. அதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். அணியில் நீ என்ன வேலை செய்தாய்? ரோபோட் ஓடாமல் நின்றபோது என்ன செய்து சரிப்படுத்தினாய்? அடுத்த முறை அதே வேலையைச் செய்வாயா, வேறு வேலை பார்க்க ஆசையா? பதில் சொல்லத் தெரியாமல் பிள்ளை விழித்தால், ரோபோட்டைப் பெரியவர்களே கட்டிக் கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் அந்தக் கோப்பையால் பிள்ளையின் எதிர்காலத்திற்குப் பெரிய பயன் இல்லை.

பதில்களை ஒரு புத்தகத்தில் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லலாம். படம், வரைபடம், தோல்வியடைந்த முயற்சிகள் எல்லாம் அதில் இருக்கட்டும். பின்னாளில் கல்லூரி நேர்முகத் தேர்விலோ உபகாரச் சம்பள நேர்காணலிலோ, சான்றிதழைவிட அதிகம் பேசுவது அந்தப் புத்தகமாக இருக்கலாம். மூன்றாம் படிவத்தின் நடுப்பகுதிக்குள் அதை எடுத்துக்கொண்டு பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரைப் பெற்றோர் ஒருமுறை சந்தித்தால், நான்காம் படிவப் பாடமா, தொழிற்கல்லூரி விண்ணப்பமா என்பதை உரிய காலத்தில் முடிவு செய்யலாம்.