பழுது பார்த்தோர் வளர்த்த வண்டி

ஒரு பொருளைப் படைத்தவரை வரலாறு போற்றும்; பழுது பார்த்துக் காத்தவரை எளிதில் மறந்துவிடும். வகுப்பில் ஜெர்மனி நாட்டு வோல்க்ஸ்வாகன் காரின் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் இதனை வற்புறுத்தியதுண்டு.

1945இல் போர் முடிந்தபோது, வோல்ஃப்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலை குண்டுவீச்சால் சிதைந்து கிடந்தது. அதனைச் சீர்செய்து வண்டிகளைச் செய்வித்த பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி ஐவன் ஹர்ஸ்ட், அவற்றைப் பழுது பார்ப்பதற்கும் வழி வகுத்தார்.

‘வண்டு’ எனச் செல்லப்பெயர் பெற்ற அவ்வண்டியின் அமைப்பும் அதற்கு இசைந்தது. பின்புறத்து எஞ்சினைக் காற்றே குளிர்விக்கும். ஆதலின் ரேடியேட்டர் வேண்டுவதில்லை. கம்பி இணைப்புகளை விடுவித்து, நான்கு திருகாணிகளைக் கழற்றினால், எஞ்சினைக் கீழே இறக்கிவிடலாம். தொழில் பயிலாதவரும் தம் வண்டியைத் தாமே செப்பனிட, ஜான் மியூர் என்னும் அமெரிக்கர் 1969இல் வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டார்.

2003இல் மெக்ஸிகோ நாட்டில் இதன் உற்பத்தி நின்றது. அதற்குள் 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன. எளிய மனிதனின் கை செப்பனிடத்தக்க பொருளே நெடிது வாழும் என்பதற்கு இவ்வண்டி சான்று. ஆகவே, செய்யக் கற்பதோடு செப்பனிடவும் கற்பீர்களாக!